கூர் நிற்கும் எஃகும் முறியாத எஃகும்

நல்ல கத்தி எது என்று கேட்டால், கூராக இருப்பது நல்ல கத்தி என்று விடை வரும். இவ்விடை தவறன்று, ஆனால் பாதி விடைதான். எந்தக் கத்தியையும் கல்லில் வைத்துத் தீட்டிக் கூராக்கிவிடலாம். தகர டப்பாவின் மூடியைக்கூடத் தீட்டி ஒரு தாளை அறுத்துக் காட்டலாம். நூறாவது தாளை அறுக்கும்போது அந்தக் கூர் எங்கே போயிற்று என்பதே கேட்க வேண்டிய முதற் கேள்வி. அந்தக் கத்தி தவறி ஓர் எலும்பின்மீதோ ஆணியின்மீதோ பட்டால் அதன் வாய் என்ன ஆகும் என்பது இரண்டாவது கேள்வி.

மாணவ நேயர்களே, இவ்விரண்டு கேள்விகளும் எஃகின் இரண்டு வேறு குணங்களைப் பற்றியவை. தீட்டிய கூர் நெடுநேரம் நிலைத்து நிற்பது ஒரு குணம். அதைக் கூர்நிலைப்பு என்று சொல்லுவோம். அடிபட்டாலும் நெரிபட்டாலும் பிளந்து போகாமல் தாங்குவது மற்றொரு குணம். அதை முறியாமை என்று சொல்லுவோம். இவை இரண்டும் ஒரு வீட்டில் பிறந்த பங்காளிகளைப் போன்றவை. ஒன்று தழைத்தால் மற்றொன்று பெரும்பாலும் வாடும். கத்தி செய்பவனின் வேலை முழுவதும் இவ்விருவருக்கும் நடுவே செய்யும் பஞ்சாயத்தே ஆகும்.

உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பைப் பாருங்கள். அதைவிடக் கூர்மையான விளிம்பை எஃகில் பெறுவது கடினம். ஆயினும் கண்ணாடியால் விறகு பிளக்க எவரும் முயல்வதில்லை. செம்புத் தகட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அதை எத்தனை முறை வளைத்தாலும் எளிதில் உடையாது. ஆனால் அதில் தீட்டிய கூர் ஒரு முருங்கைக்காயை நறுக்குவதற்குள் மடங்கிவிடும். முன்னதில் கடினம் உண்டு, முறியாமை இல்லை. பின்னதில் முறியாமை உண்டு, கடினம் இல்லை. எஃகின் பெருமை யாதெனில், இவ்விரண்டுக்கும் இடையே நாம் விரும்பிய இடத்தில் அதை நிறுத்த முடியும் என்பதே.

கூர் மழுங்குவது என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நன்றாகத் தீட்டிய கத்தியின் நுனி விளிம்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. மனிதனின் தலைமயிர் அதைப்போல் ஐம்பது முதல் நூறு மடங்கு தடித்தது. இத்துணை மெல்லிய விளிம்புக்கு மூன்று வகையில் கேடு வரும். எஃகு மென்மையாக இருந்தால் விளிம்பு ஒரு பக்கமாக மடங்கிவிடும். சமையற்காரர்கள் கத்தியை நீண்ட எஃகுக் கோலில் இப்படியும் அப்படியும் இழுப்பது, மடங்கிய விளிம்பை மறுபடியும் நிமிர்த்துவதற்கே. இரண்டாவது கேடு தேய்மானம். காய்கறியில் ஒட்டிய மண்ணும், அட்டையிலும் தாளிலும் உள்ள நுண்ணிய மணலும் விளிம்பைச் சிறிது சிறிதாக அராவிவிடும். மூன்றாவது கேடு பெயர்தல். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் பெயர்ந்து வாய் பல்லுப் பல்லாகிவிடும். முதற் கேட்டுக்கு மருந்து கடினம். இரண்டாவதற்கு மருந்து, எஃகினுள் மணலையும் எதிர்த்து நிற்கும் கடினமான துகள்கள். மூன்றாவதற்கு மருந்து முறியாமை. தொல்லை என்னவென்றால், முதல் இரண்டு மருந்துகளும் மூன்றாவது நோயை வளர்ப்பவை.

இரும்போடு சிறிதளவு கரி சேர்ந்ததே எஃகு. கோடரிக்கு வழக்கமாக எடுக்கும் எஃகில் நூற்றுக்கு 0.5 அல்லது 0.6 பங்கு கரி இருக்கும். பழங்கால சவரக்கத்தியில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். கேட்பதற்கு அற்பமான வேறுபாடு; ஆனால் ஒரு கருவியின் தலையெழுத்தையே அது மாற்றிவிடுகிறது. இத்தகைய எஃகைச் சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு வரையில் செக்கச் சிவக்கக் காய்ச்சினால் கரி இரும்பினுள் கரைந்துவிடும். அப்படியே மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்து தனி அடுக்குகளாகும். எஃகு மென்மையாகவே இருக்கும். ஆறவிடாமல் நீரிலோ எண்ணெயிலோ சட்டென்று அமிழ்த்தினால் கரி வெளியேற நேரமின்றி இரும்பின் அணுக்கூட்டுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். அந்த நெருக்கடியால் ஊசி ஊசியான, மிகக் கடினமான ஓர் அமைப்பு பிறக்கிறது. ஜெர்மானிய அறிஞர் மார்ட்டன்ஸ் என்பவரின் பெயரால் அதனை மார்ட்டன்சைட் என்று அழைக்கிறார்கள். நம் கொல்லர்கள் இச்செயலைத் தோய்ச்சல் என்பார்கள்.

தோய்த்தெடுத்த எஃகை அப்படியே பயன்படுத்த முடியாது. கல்தரையில் தவறி விழுந்தாலே இரண்டாகக்கூடும். ஆகையால் அதை மறுபடியும் இளஞ்சூட்டில் வாட்டிப் பதப்படுத்த வேண்டும். சிறைப்பட்ட கரியில் ஒரு பகுதி அப்போது விடுபடுகிறது. கடினம் சற்றுக் குறைந்து முறியாமை வளர்கிறது. வெப்பமானி இல்லாத காலத்தில் கொல்லன் இந்தச் சூட்டை நிறத்தாலேயே அளந்தான். மெருகிட்ட எஃகைச் சூடாக்கும்போது அதன் மேல் ஏறும் மெல்லிய படலம் வைக்கோல் நிறத்தில் தொடங்கும். அது சுமார் 220 டிகிரி, சவரக்கத்திக்கு ஏற்றது. பிறகு பழுப்பும் ஊதாவும் வரும், அது கோடரிக்கு. 300 டிகிரியை ஒட்டி நீலம் ஏறும், அது வில்சுருளுக்கு. ஒரே இரும்புத் துண்டு, ஒரே தோய்ச்சல். வாட்டும்போது எண்பது டிகிரி முன்பின்னாக நிறுத்துவதால் ஒன்று மயிரை மழிக்கிறது, மற்றொன்று வளைந்து நிமிர்கிறது. இந்த நிறவரிசையைக் காட்டிலும் அழகான பாடம் உலோக நூலில் வேறில்லை என்பது என் எண்ணம்.

இனி, கரியை மேலும் மேலும் கூட்டினால் என்ன? இதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. ஊட்ஸ் என்று ஐரோப்பியர் அழைத்த தென்னிந்திய எஃகில் கரி நூற்றுக்கு 1.5 பங்கை ஒட்டியிருந்தது. கன்னடத்தில் உக்கு என்றும் தமிழில் உருக்கு என்றும் வழங்கும் சொல்லே ஊட்ஸ் எனத் திரிந்தது என்று கருதுவர். சேலம், மைசூர், தெலுங்கானாவிலுள்ள கோனசமுத்திரம் முதலிய இடங்களில் இது உருவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஹீத் என்னும் ஆங்கிலேயர் இம்முறையை விவரித்திருக்கிறார். சிறு மண்மூசையினுள் இரும்புத் துண்டுகளை இட்டு, உலர்ந்த ஆவாரங்குச்சிகளையும் எருக்கிலைகளையும் சேர்த்து, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதிப் பலமணி நேரம் காய்ச்சினார்கள். குச்சியும் இலையும் கரிந்து கரியை இரும்புக்குத் தந்தன. டமாஸ்கஸ் வாள் என்று உலகம் வியந்த வரியோடிய வாள்கள் இந்த எஃகுக் கட்டிகளிலிருந்தே அடிக்கப்பட்டன. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் லண்டன் ராயல் சங்கத்தில் இதைப்பற்றி ஒரு கட்டுரை படித்தார். பின்னர், கத்தி செய்பவரான ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து, ஒரு கொல்லனின் மகனான மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்து, 1820-இலும் 1822-இலும் எஃகுக் கலவைகளைப் பற்றி எழுதினார். மின்னியலில் பெயர் பெறுவதற்கு முன் ஃபாரடே செய்த பெரிய உழைப்புகளில் இது ஒன்று.

ஊட்ஸில் கரி மிகுதியாக இருந்ததால் அது முழுவதும் இரும்பினுள் கரைந்து அடங்கவில்லை. மிஞ்சியது இரும்போடு கூடிக் கடினமான துகள்களாக வரிவரியாகத் தங்கிற்று. வாளின் மேல் நீரலைபோல் ஓடிய கோலம் இதுதான். மூலத்தாதுவிலிருந்து வந்த வனேடியம் போன்ற தனிமங்கள் மிக மிகச் சிறிய அளவில் இருந்ததே துகள்கள் வரிசையாக அமையக் காரணம் என்று வெர்ஹோவன், பென்ட்ரே என்னும் இரு அமெரிக்கர்கள் 1998-இல் காட்டினார்கள். இந்தத் துகள்களுக்குக் கார்பைடு என்று பெயர். அவை இப்பேச்சில் மறுபடியும் வரும்.

இப்போது இங்கிலாந்தில் கத்தித் தொழிலுக்குப் பெயர்போன ஷெஃபீல்டு நகருக்குச் செல்வோம். அங்கே 1871-இல் எஃகு உருக்கும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் ஹாரி பிரியர்லி. இளவயதிலேயே சோதனைச்சாலையில் புட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர், தாமே கற்று உயர்ந்து, 1908-இல் ஓர் ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைவரானார். துப்பாக்கிக் குழாய்கள் உள்ளே அரிந்துபோவதைத் தடுக்க வேண்டும் என்று 1912-இல் அவரிடம் கேட்டார்கள். அதற்காகக் குரோமியம் கலந்த எஃகுகளை அவர் செய்து பார்த்தார். 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் வார்த்த எஃகில் குரோமியம் நூற்றுக்கு 12.8 பங்கு, கரி 0.24 பங்கு. குப்பைமேட்டில் எறிந்த துண்டு மட்டும் துருவேறாமல் பளபளத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மை அவ்வளவு நாடகமானதன்று. நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக எஃகை அமிலத்தில் தோய்ப்பது வழக்கம். இந்த எஃகை அமிலம் தீண்ட மறுத்தது. அதைக் கண்டதுதான் தொடக்கம்.

பிரியர்லி உடனே உணவு மேசைக் கத்தியை நினைத்தார். அக்காலத்துக் கத்திகளைப் பழச்சாறும் வினிகரும் கறுக்க வைக்கும். ஒவ்வொரு வேளையும் உண்டபின் பொடி போட்டுத் தேய்த்து வைக்க வேண்டும். அந்த வேலை வீட்டுப் பெண்கள் தலையிலோ வேலைக்காரர்கள் தலையிலோ விழும். ஆகவே துருவேறாத கத்தி ஒரு பெரிய விடுதலையாக இருந்திருக்கும். ஆனால் ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளிகள் அதை வரவேற்கவில்லை. அடிக்க வரவில்லை, தோய்ச்சல் ஏறவில்லை, கூர் நிற்கவில்லை என்றார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலியும் செய்தார்கள்.

கேலி செய்தவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் கையில் அக்கத்தி உண்மையாகவே வெட்டவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, கரி குறைவு, 0.24 பங்கு கரியால் சவரக்கத்தியின் கடினத்தைத் தர முடியாது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. குரோமியம் கரியை இறுகப் பற்றிக்கொள்ளும் தனிமம். சாதாரண எஃகில் 800 டிகிரியில் கரைந்துவிடும் கரி, குரோமிய எஃகில் அந்தச் சூட்டில் கார்பைடாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விடுவிக்க 1000 டிகிரியை நெருங்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் செந்நிறத்தைக் கண்ணால் அளந்து பழகிய கைகள் பழைய சூட்டிலேயே எடுத்துத் தோய்த்தன. கத்தி பச்சைமண் போலவே இருந்தது. மோஸ்லி கத்திப் பட்டறையின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் சில முயற்சிகளுக்குப் பின் இதைச் சரியாகக் கையாண்டார். வினிகரில் இட்டுப் பார்த்து, கறைபடாதது என்ற பொருளில் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரையும் அவரே வைத்தார். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரமாகப் புழங்குவதும் இந்தக் குலத்து எஃகுதான். ஆனால் அதில் நிக்கலும் சேர்ந்திருக்கும், தோய்ச்சலால் அது கடினமாகாது. பாத்திர எஃகால் செய்த மலிவான கத்திகள் ஒரு வாரத்தில் மழுங்குவதற்குக் காரணம் இதுவே.

ஷெஃபீல்டில் நடந்த வாதம் இன்றைக்கும் ஒன்றைத் தெளிவாக்குகிறது. கத்தி வெட்டுகிறது, வெட்டவில்லை என்று ஆளுக்கு ஆள் சொல்லிக் கொண்டிருந்தால் முடிவு ஏற்படாது. அளவை வேண்டும். கடினத்தை அளக்க ராக்வெல் என்னும் பெயருடைய இரு அமெரிக்கர்கள் வகுத்த பொறி 1919-இல் காப்புரிமை பெற்றது. வைரக் கூம்பை 150 கிலோகிராம் எடையால் எஃகின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கிற்று என்று பார்க்க வேண்டும். ஐரோப்பியச் சமையற்கத்திகள் இந்த அளவையில் 55 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானிய மீன்கத்திகள் 60-ஐத் தாண்டும். முறியாமையை அளக்க, பிரெஞ்சுக்காரரான சார்ப்பி 1901-இல் நிலைப்படுத்திய ஊசல் முறை உண்டு. கனத்த சம்மட்டி ஒன்று ஊசலாடி வந்து சிறு எஃகுத் துண்டை உடைத்துக்கொண்டு மறுபுறம் ஏறும். ஏறும் உயரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆற்றலை எஃகு விழுங்கிற்று என்று பொருள். கூர்நிலைப்புக்கு, ஷெஃபீல்டில் 1952-இல் அமைந்த கத்தித்தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தின் பொறி இருக்கிறது. நூற்றுக்கு 5 பங்கு மணற்சத்துக் கலந்த அட்டைக் கட்டின்மேல், 50 நியூட்டன் விசையோடு, கத்தியை 60 முறை முன்னும் பின்னும் இழுத்து, மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் அட்டை அறுந்தது என்று கணக்கிடுவார்கள்.

நம் ஊட்ஸ் எஃகு இந்தப் பொறியில் ஏறியிருக்கிறது. மேலே சொன்ன வெர்ஹோவனும் அவர் கூட்டாளிகளும் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. சாதாரணக் கரி எஃகு, ஊட்ஸ் வாளெஃகு, பால்பேரிங் எஃகு, சவர அலகுக்காகச் சுவீடனில் உருவான ஏ.இ.பி.-எல் என்னும் துருவேறா எஃகு ஆகிய நான்கையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். எல்லாவற்றையும் ராக்வெல் 61 அளவுக்குக் கடினமாக்கியபோது சுவீடன் எஃகு முதலில் நின்றது. பால்பேரிங் எஃகு அடுத்து. ஊட்ஸ் அதற்கும் பின். கடினத்தை 41-க்கு இறக்கியபோது ஊட்ஸ் சிறிது முந்திற்று. பழைய வாள்கள் பல முழுக்கடினமாகத் தோய்க்கப்படாதவை. அந்த மென்மையிலும் அவற்றைக் காத்தவை அந்தக் கார்பைடு வரிகள்தாம். டமாஸ்கஸ் வாளை வெல்ல உலகில் ஒன்றுமில்லை என்று மேடையில் முழங்குபவர்களுக்கு இம்முடிவு சப்பென்று இருக்கலாம். எனக்கோ, ஆவாரங்குச்சியையும் துருத்தியையும் கொண்டு செய்த பொருள் இருபத்தோராம் நூற்றாண்டின் சோதனைச்சாலையில் இந்த அளவு ஈடுகொடுத்ததே போதிய புகழாகத் தோன்றுகிறது.

சுவீடன் எஃகில் கரி நூற்றுக்கு 0.67 பங்குதான். ஊட்ஸில் பாதிகூட இல்லை. இருந்தும் அது எப்படி வென்றது? இங்கேதான் கார்பைடின் அளவு முக்கியமாகிறது. கார்பைடு எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. ஒவ்வொரு துகளும் எவ்வளவு பெரியது என்பது மற்றொன்று. கல்பாவிய சாலையை நினைத்துப் பாருங்கள். சிறு சல்லியை நெருக்கமாகப் பரப்பினால் சாலை தேயாது, விளிம்பும் உடையாது. பெரும் பாறைகளைப் புதைத்தால் தேய்மானம் குறையும். ஆனால் விளிம்பில் ஒரு பாறை பெயர்ந்தால் பெரும் பள்ளம் விழும். நூற்றுக்கு ஒரு பங்கு கரியும் 17 பங்கு குரோமியமும் கொண்ட 440-சி என்னும் பழைய துருவேறா எஃகில், உருக்கு உறையும்போதே பெரிய கார்பைடுகள் தோன்றிவிடுகின்றன. அவை கத்தியின் நுனி விளிம்பைவிடப் பன்மடங்கு பெரியவை. விளிம்பைவிடப் பெரிய துகளை விளிம்பினுள் எப்படி வைப்பது? அது பெயர்ந்துதான் போகும். சுவீடன் எஃகில் துகள்கள் மிக நுண்ணியவை. ஆகவே அதன் வாயை மிக மெல்லியதாகத் தீட்டலாம். அது முறியாமையிலும் 440-சியை எளிதில் மிஞ்சும்.

பெரிய துகள்களைத் தவிர்த்துக்கொண்டே கார்பைடைக் கூட்ட ஒரு வழி பின்னால் பிறந்தது. உருகிய எஃகை வாயுவின் வேகத்தால் சிதறடித்துப் பொடியாக்குவார்கள். ஒவ்வொரு துளியும் நொடியில் உறைவதால் கார்பைடு வளர நேரமில்லை. அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிக் கட்டியாக்குவார்கள். இம்முறையில் நூற்றுக்கு 9 பங்கு வரை வனேடியம் சேர்த்த கத்தி எஃகுகள் உண்டு. வனேடியம் கார்பைடு மணலைவிடக் கடினமானது; ஆகவே அட்டை அறுக்கும் பொறியில் இவற்றுக்கே பெரிய எண்கள் கிடைக்கும். அதே காரணத்தால் சாதாரணச் சாணைக்கல் இவற்றின்மேல் ஏறுவதில்லை. கூர் போய்விட்டால் திரும்பக் கொண்டுவர வைரப்பொடி பதித்த தகடு வேண்டும். முறியாமையும் குறைவு. பெருமைக்கு வாங்கி, மழுங்கிய பின் தீட்ட முடியாமல் பெட்டியில் பூட்டி வைப்பதற்குத்தான் பலரிடம் இவை உதவுகின்றன.

மயிரை மழிக்கும் அலகு ஏன் மழுங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. மயிர் எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. மென்மையான பொருள் கடினமான பொருளைக் கெடுப்பது எப்படி? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அலகுகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்து மயிர் அறுத்துப் பார்த்து, 2020-இல் விடை சொன்னார்கள். விளிம்பு தேய்வதற்கு முன் பெயர்ந்துவிடுகிறது. மயிர் சாய்ந்து வளைந்து நிற்க வேண்டும். அது தொடும் இடத்தில் எஃகின் அமைப்பு ஒரு சீராக இல்லாதிருக்க வேண்டும். பலவீனமான பக்கத்தின்மேல் மயிர் அழுத்த வேண்டும். மூன்றும் கூடினால் சில்லு பெயரும். மெல்லிய வாய்க்குக் கடினம் மட்டும் போதாது, முறியாமையும் எஃகின் சீர்மையும் வேண்டும் என்பது இதனால் ஐயமற விளங்கிற்று.

கத்தி விற்பவர்கள் பெட்டியின்மேல் ராக்வெல் எண் ஒன்றை மட்டும் பெரிதாக அச்சிடுகிறார்கள். 62 என்பது 56-ஐவிட மேல் என்று வாங்குபவர் நினைத்துவிடுகிறார். அந்த எண் விளிம்பு மடங்குமா என்பதைத்தான் சொல்லும். பெயருமா என்பதைச் சொல்லாது. 62 அளவுள்ள மீன்கத்தியால் தேங்காய் உடைத்தால் வாயில் பிறைபோல் ஒரு துண்டு காணாமற்போகும். அத்துண்டு கறியிலும் கிடக்கலாம், கண்ணிலும் பாயலாம். ஜப்பானியர்களே எலும்புக்கென்று தடித்த முதுகுள்ள வேறொரு கத்தியை வைத்திருக்கிறார்கள். கூரின் கோணமும் எஃகுக்கு ஈடாகப் பேசும். பக்கத்துக்கு 20 டிகிரியாகத் தீட்டிய வாயைவிட 15 டிகிரியாகத் தீட்டிய வாய் நெடுநேரம் வெட்டும். ஆனால் அந்த மெல்லிய வாயைத் தாங்க எஃகுக்கு முறியாமை வேண்டும். முறியாமை மிகுந்த எஃகு இவ்வாறு சுற்றுவழியில் கூர்நிலைப்பையும் சம்பாதித்துக் கொடுக்கிறது. கடினமான எஃகின் வாய் பெயர்கிறதே என்று அஞ்சித் தடிமனாகத் தீட்டினால், அந்த எஃகுக்குக் கொடுத்த விலையெல்லாம் வீண்.

எவ்வளவு நல்ல எஃகையும் அரை நிமிடத்தில் கெடுத்துவிடக்கூடியது தெருவில் வரும் சாணைச் சக்கரம். நீர் விடாமல் வேகமாகச் சுழற்றி அழுத்தினால் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். தீப்பொறிகளுக்கு நடுவே விளிம்பில் ஒரு நீல நிறம் ஓடினால், 300 டிகிரியை அது எட்டிவிட்டது, கொல்லன் வைத்த பதம் அந்த இடத்தில் அழிந்தது என்று கொள்ளலாம். அங்கே மறுபடியும் எத்தனை தீட்டினாலும் கூர் நில்லாது. நீலம் ஏறிய பகுதி முழுவதையும் நீர் விட்டு மெதுவாகத் தேய்த்து நீக்கினால்தான் கீழே பழைய எஃகு கிடைக்கும்.